சிமெண்ட் மூட்டை இல்லாமல் ஒரு கான்கிரீட் தளம்

வீட்டின் பின்புறம் மோட்டார் அறையிலிருந்து தெருவாசல் வரை ஒரு நடைபாதையும், இருசக்கர வண்டிகள் நிறுத்த ஒரு தளமும் போட வேண்டியிருந்தது. கம்பி கிடையாது, மேலே பெரிய சுமையும் கிடையாது. எப்போதாவது ஒரு சுமை ஆட்டோ ஏறி இறங்கும். சோதனை செய்து பார்க்க இதைவிடப் பத்திரமான இடம் அமையாது என்பதால், சிமெண்டைத் தொடாமலே போட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

தூத்துக்குடிக்காரனுக்கு இந்த ஆசை வருவதில் வியப்பில்லை. 210 மெகாவாட் அலகுகள் ஐந்தாகக் கட்டப்பட்ட அனல் மின்நிலையம் ஊரிலேயே இருப்பதால் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. பாஸ்பாரிக் அமிலம் தயாரித்தபின் மிஞ்சும் ஜிப்சம் குவிந்து கிடக்கிறது. கடற்கரை ஊர், கிளிஞ்சல் சுண்ணாம்பும் கிடைக்கும். வெளியூரிலிருந்து வர வேண்டியது ஒன்றுதான்: இரும்பு ஆலையின் ஊதுலைக் கசடு. அதையும் ரெடிமிக்ஸ் ஆலைகள் அரைத்த மாவாக வாங்கிக் கொட்டி வைத்திருக்கின்றன. கேட்டால் சில மூட்டைகள் கொடுக்கிறார்கள். வியாபாரத்தில் அதன் பெயர் ஜிஜிபிஎஸ். பார்ப்பதற்கு வெள்ளையாக, மைதா மாவைவிடச் சற்று மங்கலாக இருக்கும்.

சாம்பலும் கசடும் தனித்தனியே பசையாகாதவை. சாம்பலில் தண்ணீர் ஊற்றினால் சேறு. கசடு மாவில் ஊற்றினால், துகளின் மேல் ஒரு மெல்லிய படலம் உண்டாகி வினை அதோடு நின்றுவிடும். அந்தப் படலத்தை உடைத்து உள்ளே இருக்கும் கண்ணாடித் தன்மையுள்ள பொருளைக் கரைக்கக் கடுமையான காரம் வேண்டும். சுண்ணாம்பு நிறைந்த தண்ணீரின் பி.எச். 12.4 அளவில் இருக்கும், அது போதும். உருகிய கசடைத் தண்ணீரில் கொட்டித் திடீரென்று குளிரவைத்தால் இப்படிப்பட்ட கண்ணாடிக் குருணை கிடைக்கும் என்பதையும், அதோடு சுண்ணாம்பு சேர்த்தால் இறுகும் என்பதையும் ஜெர்மனியில் எமில் லாங்கன் 1862-இலேயே கண்டுவிட்டார். மெதுவாக ஆறவிட்ட கசடு வெறும் கல். ஜல்லிக்குப் பதிலாகப் போடலாம், பசையாகாது. ஆகவே வாங்கும்போது கசடு என்று மட்டும் கேட்டால் போதாது.

ஜிப்சத்தின் வேலை வேறு. கசட்டிலும் சாம்பலிலும் இருக்கும் அலுமினாவோடும் சுண்ணாம்போடும் அது சேர்ந்து ஊசி ஊசியான படிகங்களை முதல் சில நாட்களிலேயே உண்டாக்கிவிடுகிறது. அதுதான் ஆரம்ப வலிமை. நீண்ட கால வலிமை, சிமெண்டில் கிடைக்கும் அதே கால்சியம் சிலிகேட் பசையிலிருந்து வருகிறது. விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த பானுமதிதாஸ், காளிதாஸ் இருவரும் சாம்பல், சுண்ணாம்பு, ஜிப்சம் மூன்றையும் சேர்த்து ஃபால்-ஜி என்ற பெயரில் செங்கல் செய்யும் முறையைப் பரப்பியது இந்த வேதியியலை நம்பித்தான். செங்கல்லுக்குச் சரியாக வருவது தளத்துக்கும் வருமா என்பதே என் கேள்வி.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். சுண்ணாம்பு என்று பேச்செடுத்தவுடன் பழைய கோட்டைகளையும் அணைகளையும் காட்டி, ‘அந்தக் காலத்துக் கட்டுமானம் இன்னும் நிற்கிறதே’ என்று சொல்பவர்கள் வந்துவிடுவார்கள். நிற்கிறது, உண்மை. ஆனால் மூன்று மீட்டர் உயரமுள்ள ஒரு செங்கல் சுவர் தன் எடையால் அடியில் தரும் அழுத்தம் 0.06 மெகா பாஸ்கல்கூட வராது (ஒரு மெகா பாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரில் ஏறக்குறைய பத்து கிலோ எடை). ஓட்டுக் கூரையும் மாடியும் சேர்ந்தாலும் அது பெரிதாக ஏறுவதில்லை. அதற்கு 2 மெகா பாஸ்கல் வலிமையுள்ள காரையே தாராளம். சுவர் நின்றதற்குச் சுவரின் அகலம் காரணம். சுண்ணாம்பின் வலிமையை அதிலிருந்து அளந்து எடுத்துவிட முடியாது. அளக்க வேண்டுமானால் கட்டி வார்த்து நசுக்கித்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பொருட்கள். சாம்பல் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பது மிக முக்கியம். புகைபோக்கிக்கு முன்னால் மின்புலத்தில் பிடித்து உலர்வாகச் சேர்க்கும் சாம்பல் வேறு. தண்ணீரோடு கலந்து குளத்துக்குத் தள்ளிய சாம்பல் வேறு. குளத்துச் சாம்பல் மணல் மாதிரி, கரகரவென்று இருக்கும். அதை நிரப்பத்தான் பயன்படுத்தலாம். உலர்ந்த சாம்பலிலும் கடைசி வரிசைத் தொட்டிகளில் விழுவதே மிக நுண்ணியது. விரல்களுக்கிடையே தேய்த்தால் பவுடர் போல வழுக்க வேண்டும். ஐ.எஸ். 3812 என்ற இந்தியத் தரம், 45 மைக்ரான் சல்லடையில் ஈரமாகச் சலித்தால் 34 சதவீதத்துக்கு மேல் தங்கக்கூடாது என்கிறது. நான் வாங்கியதில் நான்கில் ஒரு பங்கு தங்கியது. நிறம் கறுத்திருந்தால் எரியாத கரி அதிகம் என்று பொருள். அது தண்ணீரைக் குடிக்கும். எனக்குக் கிடைத்தது வெளிர் சாம்பல் நிறம். அதோடு திருப்தி.

ஜிப்சம்தான் சற்று முரண்டு பிடித்தது. உர ஆலை வழி வரும் ஜிப்சத்தில் பாஸ்பாரிக் அமிலத்தின் மிச்சமும் புளூரைடும் ஒட்டியிருக்கும். ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கலக்கி பி.எச். தாளை நனைத்தால் சிவப்புப் பக்கம் ஓடுகிறது. அப்படியே போட்டால் கலவை இறுகுவது மணிக்கணக்கில் தள்ளிப்போகும். ஒரு பீப்பாயில் கொட்டி, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளியவைத்து, மேல்தண்ணீரை இறுத்தேன். தாள் நடுநிலைக்குப் பக்கத்தில் வரும்வரை இதையே திரும்பச் செய்தேன். கடைசி அலசலில் கொஞ்சம் சுண்ணாம்புத் தண்ணீர் சேர்த்தால், மிஞ்சிய அமிலம் கரையாத பாஸ்பேட்டாக மாறி அடங்கிவிடும். பிறகு தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்து, கட்டிகளை உடைத்துச் சலித்தேன். இதில் ஓரளவு ரேடியமும் இருப்பதால் வீட்டுக்குள், மூடிய அறைக்குள் பயன்படுத்த எனக்கு மனமில்லை. திறந்தவெளித் தளத்தில், மொத்தப் பசைப்பொருளில் 5 சதவீதம் என்ற அளவில் போடத் தயக்கமில்லை. தயங்குபவர்கள் கடையில் கிடைக்கும் கனிம ஜிப்சத்தைப் போடலாம். அலசும் வேலையும் மிச்சம்.

இனி சுண்ணாம்பு. இந்தக் கலவையின் தலையெழுத்து சுண்ணாம்பின் கையில் இருக்கிறது. வண்ணம் பூச விற்கும் நீற்றிய சுண்ணாம்புத் தூளை ஒரு கடையில் மாதிரிக்கு வாங்கி, அதன்மேல் நீர்த்த அமிலம் சில சொட்டு விட்டேன். நல்ல சுண்ணாம்பு அமைதியாகக் கரைய வேண்டும், இலேசாக நுரைக்கலாம். இது சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் பொங்கியது. மூட்டையில் பல மாதம் கிடந்து, காற்றிலிருந்த கரியமில வாயுவைக் குடித்து, பாதிக்கு மேல் பழையபடி சுண்ணாம்புக் கல்லாகவே திரும்பிவிட்டது. சுவருக்கு வெள்ளையடிக்க அது போதும். கசட்டை எழுப்ப அதற்குத் தெம்பில்லை.

எனவே காளவாயிலிருந்து நேரடியாக, நீற்றாத சுட்ட கிளிஞ்சலை வாங்கி வந்தேன். சுட்ட கிளிஞ்சல் கையில் எடுத்தால் எடையே இல்லாததுபோல் இருக்கும். சங்கின் வரிகள்கூட மேலே அழியாமல் தெரியும். இரும்புத் தொட்டியில் பரப்பித் தண்ணீர் தெளித்தால் முதல் சில விநாடிகள் எதுவும் நடக்காது. பிறகு ஒரு ஓட்டில் கோடு விழும். அடுத்து இன்னொன்றில். படபடவென்று வெடித்து, ஆவி எழுந்து, சங்கு வடிவம் அப்படியே சரிந்து மாவாக உட்காரும். அந்த நேரத்தில் தொட்டிக்கு மேல் முகத்தை நீட்டக்கூடாது. கண்ணாடியும் முழங்கை வரை கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே வேண்டாம். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போகும்.

நீற்றும்போது ஒரு எளிய தரச் சோதனையும் செய்துவிடலாம். சுத்தமான சுட்ட சுண்ணாம்பு 56 பங்கு, 18 பங்கு தண்ணீரைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு 74 பங்காகிறது. அதாவது 10 கிலோ போட்டால், நீறி முற்றிலும் உலர்ந்தபின் 13.2 கிலோ இருக்க வேண்டும். எனக்கு 12.7 கிலோ வந்தது. ஏறக்குறைய ஆறில் ஐந்து பங்கு உயிருள்ள சுண்ணாம்பு என்று எடுத்துக்கொண்டேன். மீதி வேகாத ஓடும் மணலும். தண்ணீரைக் கணக்குப்படி 32 சதவீதம் மட்டும் விட்டால் போதாது. பாதியளவு ஆவியாகப் போய்விடுவதால் ஏறக்குறைய இரண்டு மடங்கு விட வேண்டியிருக்கும். நீறிய மாவைச் சலித்து, பிளாஸ்டிக் டிரம்மில் காற்றுப் புகாமல் மூடினேன். வேகாத துணுக்குகளைச் சலிக்காமல் விட்டால் பின்னால் தளத்துக்குள் மெதுவாக நீறி, மேலே சிறு சிறு குழிகளாகத் தெறிக்கும்.

கலவையை எடைக் கணக்கில் சொல்கிறேன். பசைப்பொருள் 50 கிலோ என்றால் கசடு 27.5, சாம்பல் 15, சுண்ணாம்பு 5, ஜிப்சம் 2.5. தண்ணீர் 21 லிட்டர். எம்-சாண்ட் 87.5 கிலோ, ஜல்லி 136 கிலோ. ஜல்லியில் 20 மில்லிமீட்டர் மூன்றில் இரண்டு பங்கு, 12 மில்லிமீட்டர் ஒரு பங்கு. இது ஒரு கன மீட்டரில் எட்டில் ஒரு பங்கு. ஒரு மூட்டை மிக்சருக்கு அளவாக இருக்கும். உள்ளூர் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. ஐ.எஸ். 456 கம்பியில்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம் வரை குளோரைடை அனுமதித்தாலும், மேலே வெள்ளை உப்பு பூக்கும் என்பதால் குடிநீரையே பயன்படுத்தினேன்.

எடைபோடுவதில் கொத்தனாரோடு ஒரு சின்ன வாக்குவாதம். அவர் பாண்டுக் கணக்கில் பழகியவர். ‘தம்பி, சுண்ணாம்பு அஞ்சு கிலோ என்றால் எத்தனை பாண்டு? அதைச் சொல்லுங்கள்’ என்றார். ‘அண்ணாச்சி, இதைப் பாண்டில் அளக்க வேண்டாம், தராசு வைத்திருக்கிறேன்’ என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சிமெண்ட் ஒரு லிட்டர் 1.4 கிலோ இருக்குமென்றால், நீற்றிய சுண்ணாம்பு ஒரு லிட்டர் அரை கிலோதான். சாம்பல் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பாண்டில் அளந்தால் சுண்ணாம்பு பாதிக்குப் பாதி குறைந்துவிடும். ஒரே பாண்டில் சிமெண்டையும் சுண்ணாம்பையும் நிரப்பி அடுத்தடுத்துத் தூக்கச் சொன்னேன். இரண்டாவதைத் தூக்கியவுடன் அவரே தராசுப் பக்கம் நகர்ந்தார்.

தளத்தில் ஊற்றுவதற்கு முன்பே மூன்று விதக் கலவைகளில் 150 மில்லிமீட்டர் கட்டிகள் வார்த்தோம். முதலாவது, கசடே இல்லாமல் சாம்பல் 70, சுண்ணாம்பு 20, ஜிப்சம் 10. இரண்டாவது, மேலே சொன்ன கசடுக் கலவை. மூன்றாவது, அதே கசடுக் கலவையோடு பசைப்பொருளில் 3 சதவீதம் சலவைச் சோடா. சோடாவும் சுண்ணாம்பும் தண்ணீரில் சேர்ந்தால் கலவைக்குள்ளேயே காஸ்டிக் சோடா உருவாகும். காரம் இன்னும் கடுமையாகும். காஸ்டிக் சோடாவை நேரடியாகக் கையாளும் ஆபத்து இல்லாமல் அதன் பலன் கிடைக்கிறது என்பதால் இந்த வழியை விரும்பினேன்.

சிமெண்ட் கட்டியை மறுநாள் அச்சிலிருந்து எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் போடுவது வழக்கம். இதை அப்படிச் செய்ய முடியாது. கசடுக் கட்டியை இரண்டாம் நாள்தான் கழற்ற முடிந்தது. சாம்பல் கட்டி மூன்றாம் நாளும் நகத்தால் கீறினால் கோடு விழும் நிலையில் இருந்தது. தொட்டியில் போட்டால் முனை கரையும். எல்லாவற்றையும் ஈரச்சாக்கில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் கட்டி, நிழலில் வைத்தேன். இந்தக் கட்டிகளின் எடை எட்டு கிலோவுக்கு ஒட்டி இருந்தது. அதிகக் காற்று சிக்கவில்லை என்பதற்கு அது அடையாளம்.

நசுக்கியது ஒரு தொழில்நுட்பக் கல்லூரி ஆய்வகத்தில். ஒவ்வொரு வயதுக்கும் மூன்று கட்டிகளின் சராசரி. கசடுக் கலவை மூன்றாம் நாள் 5 மெகா பாஸ்கல், ஏழாம் நாள் 11, 28-ஆம் நாள் 22, 90-ஆம் நாள் 29. 22 என்றால் கட்டி ஏறக்குறைய 50 டன் எடையைத் தாங்கியபின் உடைந்தது என்று பொருள். சாம்பல் கலவை ஏழாம் நாள் இரண்டரையைத் தாண்டவில்லை. 28-ஆம் நாள் எட்டரை, 90-ஆம் நாள் 16. சோடா சேர்த்தது மூன்றாம் நாளே 12, ஏழாம் நாள் 18 என்று பாய்ந்தது. ஆனால் 28-இல் 25, 90-இல் 28. ஓடத் தொடங்கியபோது இருந்த இடைவெளி முடிவில் இல்லவே இல்லை. அதோடு கட்டியின் மேல் வெள்ளை உப்பும் பூத்தது. அவசரத்துக்கு உதவுமே தவிர, இறுதி வலிமைக்குச் சோடா செலவு வீண்.

22 என்ற எண்ணைப் பார்த்து எம்-20 கான்கிரீட் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்துவிடக் கூடாது. எம்-20 என்று சொல்ல, சராசரி 20 இருந்தால் போதாது. நூற்றுக்கு ஐந்து கட்டிகளுக்கு மேல் 20-க்குக் கீழே போகக்கூடாது. அதற்காக ஐ.எஸ். 456 எடுத்துக்கொள்ளும் விலகலைக் கூட்டினால் சராசரி 26.6 வர வேண்டும். எம்-15-க்கு அதே கணக்கு 20.8. ஆக என் கலவை 28-ஆம் நாளில் எம்-15. எம்-20 ஆவதற்கு அது மூன்று மாதம் கேட்கிறது. இணையத்தில் சிமெண்டில்லாக் கான்கிரீட் பற்றி உலவும் பெரிய பெரிய எண்களில், எந்த வயதில், எத்தனை டிகிரி வெப்பத்தில், எந்த அளவு கட்டியில் என்ற மூன்றும் இல்லாவிட்டால் அவற்றை நான் கணக்கில் எடுப்பதில்லை.

வெப்பம் என்றதும் இன்னொரு சோதனை நினைவுக்கு வருகிறது. சாம்பலின் சுண்ணாம்பு வினைத்திறனை அளக்கும் ஐ.எஸ். 1727 முறையில், கட்டிகளை 50 டிகிரியில் எட்டு நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறார்கள். வெப்பம் கூடினால் சாம்பலுக்கும் சுண்ணாம்புக்கும் இடையிலான வினை வேகமெடுக்கும் என்பதே காரணம். எங்கள் ஊர் வெயிலுக்கு என்ன குறை? அடியில் கொஞ்சம் தண்ணீர் விட்ட கறுப்பு டிரம்முக்குள் சில சாம்பல் கட்டிகளை அடுக்கி, இறுக மூடி, மொட்டை மாடியில் வைத்தேன். நண்பகலில் உள்ளே வெப்பமானி 50-ஐத் தொட்டது. 28-ஆம் நாள் எட்டரைக்குப் பதிலாக 13 கிடைத்தது. சாம்பல் செங்கல் செய்பவர்கள் விறகு இல்லாமல் இதைப் பயன்படுத்தலாம். தளத்துக்கு இதை அப்படியே செய்ய முடியாது. வெயில் படும் தளம் முதலில் காய்ந்துவிடும்.

காய்வதுதான் பகை. சில கசடுக் கட்டிகளை வேண்டுமென்றே சாக்கு சுற்றாமல் திறந்த முற்றத்தில் விட்டேன். அவை 28-ஆம் நாள் 14-இல் நின்றுவிட்டன. 22 எடுக்க வேண்டியவை. சிமெண்ட் கான்கிரீட்டும் கியூரிங் இல்லாமல் கெடும் என்றாலும் இவ்வளவு கெடாது. மேலும் அவற்றின் மேல்தோல் விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. தோலில் இருந்த சுண்ணாம்பு, கசட்டோடு சேர்வதற்கு முன்னாலேயே காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்துவிட்டது.

கசடுக் கட்டி உடைந்தவுடன் பார்ப்பதற்கு ஒரு வேடிக்கை உண்டு. வெளியே வெளுத்திருக்கும் கட்டியின் உட்புறம் ஆழ்ந்த நீலப்பச்சை. கூடவே அழுகிய முட்டை வாடை இலேசாக. ஆய்வக உதவியாளர் ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து இயந்திரத்தை நிறுத்தப் போனார். கசட்டில் இருக்கும் சல்பைடின் வேலை அது. காற்றுப்பட்டால் நிறம் தானே வெளுத்துவிடும். உள்ளே நன்றாக வினை நடந்திருக்கிறது என்பதற்கான நல்ல அறிகுறியாகவே இந்தப் பச்சையை எடுத்துக்கொள்கிறேன். உலரவிட்ட கட்டிகளில் பச்சை நடுவில் மட்டும் சிறு வட்டமாக இருந்தது.

தளம் போட்ட நாளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மண்ணைக் கெட்டித்து, கிராவல் பரப்பி நனைத்து, நடைபாதையில் 100 மில்லிமீட்டரும் வண்டி நிற்கும் இடத்தில் 125 மில்லிமீட்டரும் கனம் வைத்தோம். உலர்பொருட்களை மிக்சரில் நிறம் ஒன்றாகும்வரை சுற்றவிட்டு, அதன்பின் தண்ணீர். கலவை சிமெண்ட் கலவையைவிடப் பிசுபிசுப்பாக, கரணையில் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆனால் வைப்ரேட்டர் பட்டதும் இளகி ஓடியது. சாம்பலின் உருண்டைத் துகள்களுக்கு அந்தக் குணம் உண்டு. தண்ணீர் இன்னும் ஊற்றச் சொல்லி ஆட்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 21 லிட்டரை அளந்து வாளியில் வைத்ததோடு குழாயையும் பூட்டிவிட்டேன்.

மட்டப்பலகை இழுத்தபின் காத்திருப்பு. சிமெண்ட் தளத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தில் மேல்பூச்சுத் தேய்க்கலாம். இது ஐந்து மணி நேரம் கழித்தும் கட்டைவிரல் அமுங்கும் பதத்தில் இருந்தது.

‘இது எப்போது இறுகும் தம்பி?’

‘சாயங்காலம் ஆகிவிடும், அண்ணாச்சி.’

‘சாயங்காலம் என்றால் இன்னொரு வேலை கைவிட்டுப் போகும். சிமெண்ட் ஒரு பாண்டு தூவட்டுமா? உடனே பிடித்துவிடும்.’

தூவவில்லை. அரை நாள் கூலி கூடுதலாகக் கொடுத்தேன். இந்தக் கலவையின் உண்மையான செலவுகளில் இதுவும் ஒன்று. விலைப்பட்டியலில் யாரும் எழுதுவதில்லை. மாலை வெயில் தாழ்ந்தபின் தேய்த்து முடித்து, இரவே பிளாஸ்டிக் தாளால் மூடினோம். விரிசல் கண்டபடி ஓடாமலிருக்க, சிமெண்ட் தளத்தில் செய்வதுபோல் மறுநாள் இரண்டரை மீட்டருக்கு ஒரு வெட்டு வெட்ட இதில் முடியாது, விளிம்பு உதிரும். எனவே ஊற்றும்போதே பட்டைகளை நட்டு இடைவெளி விட்டிருந்தோம். அதற்கு மேல் இரண்டு வாரம் ஈரச்சாக்கு, அதன்மேல் தாள். வண்டியை ஒரு மாதம் ஏற்றவில்லை. காய்ந்த பின்பு விரிசல் என்று பார்த்தால், மோட்டார் அறை மூலையில் மயிரிழையாக ஒன்று. உள்மூலைகளில் சிமெண்ட் தளத்திலும் வருவதுதான்.

இதனால் சூழலுக்கு எவ்வளவு நன்மை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுண்ணாம்பு சுடுவதும் சுத்தமான வேலை அல்ல. கல்லோ கிளிஞ்சலோ, சுடும்போது 100 பங்கில் 44 பங்கு கரியமில வாயுவாகப் போகிறது. ஆனால் என் கலவையில் ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ நீற்றிய சுண்ணாம்புதான். அதிலிருந்து வெளியேறியது ஏறக்குறைய 24 கிலோ. விறகும் கரியும் எரித்தது தனி. அதே இடத்தில் 300 கிலோ சாதாரண சிமெண்ட் போட்டிருந்தால் 250 கிலோ அளவில் வந்திருக்கும். வித்தியாசம் பெரியது. ஆனாலும், அரைத்த கசடு இப்போது குப்பை அல்ல. சிமெண்ட் ஆலைகளும் ரெடிமிக்ஸ் ஆலைகளும் போட்டி போட்டு வாங்குகின்றன. நான் எடுக்காவிட்டால் அந்த மூட்டை வேறெங்கோ ஒரு மூட்டை சிமெண்டைக் குறைத்திருக்கும். உண்மையிலேயே மிஞ்சிக் கிடப்பவை சாம்பலும் ஜிப்சமும். அவற்றின் பங்கைக் கூட்டுவதுதான் இனி என் வேலை. கசடு 40, சாம்பல் 42, சுண்ணாம்பு 12, ஜிப்சம் 6 என்று ஒரு கலவையில் கட்டிகள் இப்போது சாக்குக்குள் இருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரர் தளத்தைப் பார்த்துவிட்டு, தன் மாடி அறைக்கு லிண்டலும் சன்ஷேடும் இதே கலவையில் போடலாமா என்று கேட்டார். மறுத்துவிட்டேன். அதற்கு வலிமை மட்டும் காரணமில்லை. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காமல் இருப்பது அதைச் சுற்றியுள்ள காரத்தால். என் கலவையில் சுண்ணாம்பு இருப்பதே கொஞ்சம். அதையும் கசடும் சாம்பலும் தின்றுவிடுகின்றன. நிழலில் திறந்து வைத்திருந்த கட்டிகளை 90-ஆம் நாளுக்குப் பின் பிளந்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் தெளித்தேன். காரம் உள்ள இடம் இளஞ்சிவப்பாக வேண்டும். கசடுக் கட்டியில் விளிம்பிலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் வரை நிறமே வரவில்லை. சாம்பல் கட்டியில் அது இரண்டு மடங்கு. ஒப்பிடுவதற்காக வைத்திருந்த சிமெண்ட் கட்டியில் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் வெளுத்திருந்தது. சன்ஷேடில் கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட் 20 மில்லிமீட்டர். கடல்காற்று அடிக்கும் ஊரில் அந்த 20 மில்லிமீட்டரை நம்பி யார் தலைக்கு மேலும் நான் எதையும் வார்க்கமாட்டேன். அவருடைய காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் போடும் கம்பியில்லாத கான்கிரீட்டுக்கும், சுவருக்கான கட்டிக்கல்லுக்கும் வேண்டுமானால் இந்தக் கலவையைத் தருகிறேன் என்றேன். தை பிறந்ததும் தொடங்கலாம் என்கிறார். அதற்குள் காளவாயில் சுட்ட கிளிஞ்சலுக்குச் சொல்லி வைக்க வேண்டும்.